மூன்று கை அகலத்துக்குச் சோள மாவு

கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் அடுக்கக்கா. எட்டு வருஷமாக அந்தப் பெரிய மளிகைக் கடையில் நான்காவது வரிசையிலிருந்து ஏழாவது வரிசை வரைக்கும் அவள் ராஜ்ஜியம்தான். மாவு, எண்ணெய், டின் சாமான், சோப்பு. அடுக்குவது வேலை என்பது போய், பிறகு சுபாவமாகவே ஆகிவிட்டது. வீட்டு வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக ஒரே திசை பார்த்து நிற்கும். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். "உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனா, நம்மளை வாடகைச் சாமான்காரங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பான் புருஷன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பழைய மேனேஜர் அவளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, பின்னால் இருக்கிற சரக்கை முன்னால் இழுத்து வை. உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் முன்வரிசை நிறைந்திருக்க வேண்டும். இரண்டு, ஒரு சரக்கு தீர்ந்துபோனால் அந்த இடத்தைக் காலியாக விடாதே. பக்கத்துச் சரக்கை அங்கே பரப்பு. காலி இடம் கடைக்குப் பொக்கை வாய் மாதிரி, சிரிக்கவே முடியாது என்றார். அவர் போய் ஐந்து வருஷமாயிற்று. அவர் சொன்னது அடுக்கக்காவின் கையில் அப்படியே இருந்தது. மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் கை போய் இடத்தை நிரப்பிவிடும்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சரக்கை எடுக்கிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிலர் முதல் பாக்கெட்டை விட்டு மூன்றாவதை எடுப்பார்கள். சிலர் எடுத்து, வைத்து, மறுபடி அதையே எடுப்பார்கள். ஏன் அப்படி என்று யோசித்துக்கொண்டே எட்டு வருஷம் ஓடிவிட்டது, அலுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. தூரத்து ஊர்களில் பரவுகிறது என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்த நோய் இந்த ஊருக்கும் வந்துவிட்டதாம், பள்ளிக்கூடங்களை மூடுகிறார்களாம். ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழும்புவதற்குள் குனிந்து நுழைந்தவர்களும் உண்டு. ஒருவர் முகத்தில் துண்டு. இன்னொருவர் தலையில் ஹெல்மெட், கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். அந்தக் கண்ணாடி மூச்சுக் காற்றில் பனி பிடித்துப்போய், அவர் டின் பாலுக்குப் பதிலாக பெயின்ட் டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தார். எதையும் பார்க்காமல் நேரே அவளிடம் வந்த ஓர் அம்மாள், "எல்லாரும் எதை வாங்குறாங்களோ, அதுல எனக்கும் ரெண்டு குடும்மா" என்றாள்.

"எது வேணும்னு சொல்லுங்கம்மா."

"அதான் சொல்றேனே. எல்லாரும் வாங்குறது."

சோப்பு வரிசையில் மேனேஜர் அவசரமாக 'ஒருவருக்கு இரண்டு மட்டும்' என்று அட்டை எழுதி மாட்டினார். அதுவரை ஒன்று எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு இன்னொன்றும் எடுத்தார்கள். அடுக்கக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் நின்று வேடிக்கை பார்க்க நேரமில்லை. பதினோரு மணிக்குக் கோதுமை மாவு தீர்ந்தது. ஐந்தாவது வரிசையின் நட்ட நடுவில், கண் உயரத்தில், மூன்று கை அகலத்துக்குக் காலி இடம். அவள் கை போயிற்று. பக்கத்தில் ஓர் ஓரமாக இருந்த சோள மாவோடு, கடையின் கிடங்கில் கிடந்த அதன் அட்டைப்பெட்டிகளையும் மொத்தமாகக் கொண்டுவந்து, அறுபத்து நாலு பாக்கெட்டையும் அந்த இடம் முழுக்கப் பரப்பி, முன்னுக்கு இழுத்து, தட்டி நேராக்கிவிட்டு எண்ணெய்ப் பக்கம் ஓடினாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வாரத்துக்கு ஐந்தோ ஆறோ போகிற சரக்கு அது. சூப்பைக் கெட்டியாக்க எப்போதாவது ஒருவர் வாங்குவார். அறுபத்து நாலு பாக்கெட் நாலு மணி நேரத்தில் எங்கே போயிற்று?

"சோள மாவு தின்னா அந்த நோய் வராதுன்னு எவனாவது கிளப்பிவிட்டானா?" என்று பில் போடுகிற பெண்ணைக் கேட்டாள்.

"எனக்கு வந்த மெசேஜ்ல வெந்நீர், எலுமிச்சை, பூண்டு, வெயில்ல நிக்கிறது, இவ்வளவுதான்க்கா இருக்கு. சோள மாவு இன்னும் வரலை. நாளைக்கு வரும்னு நினைக்கிறேன்."

வியாழக்கிழமை முழுக்க அடுக்கக்கா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 'ஒரு பாக்கெட் சார்' வந்தார். அது கடைக்காரர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற தபால்காரர். வெள்ளி தவறாமல் காலை பத்து மணிக்கு வருவார். ரொட்டி, பழம், கூடவே ஒரே ஒரு பாக்கெட் சோள மாவு. மூன்று வருஷமாக இதில் மாற்றமே கிடையாது. ஒற்றைக் கட்டை ஆள், தினமும் சூப் வைத்துக் குடிக்கிறார் போல என்று அடுக்கக்கா தனக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தாள்.

அவர் ஐந்தாவது வரிசையில் காலி இடத்துக்கு முன்னால் கையில் பையோடு நின்றார். கோபப்படவில்லை. கீழ்த்தட்டில் குனிந்து பார்த்தார். மேல்தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"உள்ளே ஒண்ணே ஒண்ணு இருக்குமாம்மா?"

"இல்லை சார். புதன்கிழமையே போயிடுச்சு. வேற கடையில பார்த்தீங்களா?"

"நாலு கடை பார்த்துட்டேன். மருந்துக் கடையில அதுக்குன்னே ஒரு பொடி விப்பாங்க, அதுவும் இல்லையாம்." பையின் காதை மடித்து மடித்து விரித்தார். "என் சம்சாரத்துக்கு பக்கவாதம் வந்ததுலேர்ந்து தண்ணி நேரா இறங்காதும்மா. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும். ஒரு தடவை அப்படிப் போயி ஆஸ்பத்திரியில இருபது நாள். இந்த மாவைப் போட்டுக் காய்ச்சி, கெட்டியா ஆக்கிக் கொடுத்தாத்தான் குடிப்பா. மத்த மாவுல கட்டி விழுது. வீட்டுல திங்கட்கிழமை வரைக்கும் வரும்."

அடுக்கக்கா மேனேஜரிடம் ஓடினாள். மேனேஜர் கடைக்குச் சரக்கு அனுப்புகிற மொத்தக் கிடங்குக்குப் போன் போட்டார். அங்கிருந்தவர் சிரித்தாராம். கோதுமைக்கும் அரிசிக்குமே லாரி போதவில்லை, சோள மாவெல்லாம் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம்.

ஒரு மாதம். வாரத்துக்கு ஒரு பாக்கெட். நாலு பாக்கெட் வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் இதைச் சொன்னபோது, புருஷன் நாற்காலியில் ஏறி நின்று ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மூன்று நாளாக வேனும் இல்லை, கையில் போன் மட்டும்தான். காற்றில் கிருமி வரும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். தரையில் ஒரு கிண்ணத்தில் வெள்ளையாகப் பசை.

"ஏதுங்க இந்தப் பசை?"

"நான்தான் காய்ச்சினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் பிடிக்குது."

கிண்ணத்துக்குப் பக்கத்தில் காலியான சோள மாவு பாக்கெட்.

அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கடை முத்திரை. "இதை எப்போ வாங்கினீங்க?"

"புதன்கிழமை. நீ எண்ணெய்ப் பக்கம் இருந்தே, கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்லை. மூணு எடுத்தேன். ஒண்ணு அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன், ஒண்ணு இது. ஒண்ணு கட்டிலுக்கு அடியில இருக்கு."

"இதை வச்சு என்ன பண்ணப்போறோம்னு வாங்கினீங்க? கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல ஒரு நாள் நான் இதைச் சமைச்சிருக்கேனா?"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "என்னைக் கேட்டா? நீதானே அதை நட்ட நடுவுல மூணு கை அகலத்துக்கு அடுக்கி வச்சிருந்தே. நீ அடுக்குறதைப் பார்த்தா, இதுதான் இப்போ முக்கியமான சாமான்போலன்னு தோணுச்சு. என் பின்னாடி வந்த ஆளும் அதைத்தான் சொன்னான். 'கடைக்காரங்களே இவ்வளவு எறக்கி வச்சிருக்காங்கன்னா சும்மாவா'ன்னான். அவன் ஆறு எடுத்தான்."

அடுக்கக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகத் தேடிய விடை. வதந்தி எதுவும் இல்லை. மெசேஜ் எதுவும் இல்லை. அவள் கைதான். பொக்கை வாயை மறைக்கப் போய், அந்த மனுஷன் சம்சாரத்தின் தண்ணீரை எடுத்து ஊருக்குப் பங்கு வைத்திருக்கிறாள்.

"ஏன் இப்படி உட்கார்ந்துட்டே? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லைங்க. சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். பிறகு, "அந்தக் காலி பாக்கெட்டைக் கசக்காதீங்க, கொடுங்க இப்படி" என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது. கை எதையும் வீணாக்காது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கட்டிலடிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். கடைக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. வாசலிலேயே நின்று நீட்டினாள். உள்ளே ஜன்னலோரம் ஓர் அம்மாள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர், அதற்குள் ஸ்பூன். ஸ்பூன் சாயாமல் நட்டுக்குத்தலாக நின்றது. தண்ணீர் அவ்வளவு கெட்டி.

"யாரு?" என்றார் அந்த அம்மாள். ஒரு பக்க வாய்தான் பேசிற்று.

"மாவுக் கடைப் பொண்ணு. நமக்காக ஒண்ணு தேடிக் கொண்டுவந்திருக்கு" என்றார் தபால்காரர்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இந்த மாவுல என்னதான் பண்ணுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாம இருந்துச்சு. இப்போ இதுதான் எனக்குத் தண்ணி, இதுதான் காபி, இதுதான் மோர். எல்லாம் ஒரே கூழ்." சிரித்தார். பாதிச் சிரிப்புதான், அதில் நல்ல கிண்டல் இருந்தது.

எல்லாம் தன் கையால் வந்த வினை என்பதை அப்போதே சொல்லிவிடலாம் என்று அடுக்கக்கா வாயைத் திறந்தாள். ஆனால் தேடிக் கொண்டுவந்த பொண்ணு என்று தபால்காரர் சொல்லிவிட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

இன்னும் மூன்று வேண்டும்.

"ஒரு அட்டை எழுதி மாட்டலாமேக்கா. 'சோள மாவு தேவை'ன்னு" என்றாள் பில் பெண்.

"சோப்புக்கு அட்டை மாட்டினது என்னாச்சு? தேவைன்னு எழுதினா, வச்சிருக்கிறவன் பூட்டு வாங்கப் போவான்."

அவள் வாயால் கேட்டுப் பார்த்தாள். வாசலில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டம் வட்டமாகப் போய், புதன்கிழமை பார்த்த கைகளை அடையாளம் கண்டு கேட்டாள். இப்படி ஒருத்தர் இருக்காங்க, தண்ணி இறங்காது, இந்த மாவுதான் வேணும். நீங்க வாங்கினது மிச்சம் இருக்கா? கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் ஊரே ஒரே ராத்திரியில் சோள மாவுக்குப் பழகிவிட்டிருந்தது.

"எங்க வீட்ல அது இல்லாம அடுப்பே பத்தாது" என்றார் ஹெல்மெட்காரர்.

"என்ன சமைப்பீங்க சார்?"

அவர் பனி பிடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்துலயும் போடுவோம்."

எல்லாரும் வாங்குவதில் இரண்டு கேட்ட அம்மாளோ, "முகத்துக்குப் பூசுவேன். பாரு, தெரியலை?" என்று முகக்கவசத்தைக் கீழே இழுத்துக் காட்டினாள். இரண்டு நாள் கேட்டும் ஒரு பாக்கெட் தேறவில்லை. எதற்கென்று தெரியாமல் வாங்கிவிட்டோம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. தனக்கும்தானே தபால்காரர் வீட்டு வாசலில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

போதாததற்கு, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று புது அட்டை வேறு தொங்கிற்று. வாங்கிப்போன சரக்கில் கிருமி இருக்குமாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வழக்கம்போல வழிதவறிய சாமான்களைப் பொறுக்கினாள். அதுவும் அவள் வேலையில் ஒன்று. எடுத்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் யாரும் எடுத்த இடத்துக்குப் போய் வைக்கமாட்டார்கள். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, சோப்புக்கு நடுவில் மீன் டின்னையும், துடைப்பத்துக்குப் பின்னால் சாக்லேட்டையும் செருகிவிட்டுப் போவார்கள். அதிலும் ஒரு விசேஷம். ஒரு மூலையில் ஒன்று வழிதவறிக் கிடந்தால், சாயங்காலத்துக்குள் அதே மூலையில் நாலு சேர்ந்துவிடும். ஏற்கெனவே ஒருத்தர் வைத்த இடம் என்றால் வைக்கிற கைக்குத் தைரியம்.

துடைப்பத்துக்குப் பின்னாலிருந்து சாக்லேட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

வீட்டுக்குப் போய் மடித்து வைத்த காலி பாக்கெட்டை எடுத்தாள். "ஏங்க, ஜன்னலுக்கு வாங்கின பேப்பர் மிச்சம் இருக்கா?" இரண்டு பேருமாகச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். "கொஞ்சம் இடுப்பு பெருத்துடுச்சு. ஒரு ஷீட்டை உருவு" என்றான் அவன். வேன் நின்ற பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

செவ்வாய்க்கிழமை காலை வழிதவறிய சாமான் வண்டியை அவள் கிடங்கிலிருந்து தள்ளிக்கொண்டு போய் வெளிவாசலில், கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அங்கே பையைக் கீழே வைத்துத்தான் கை கழுவ வேண்டும். வண்டிக்குள் நசுங்கிய மீன் டின், கிழிந்த பிரஷ் அட்டை, அவற்றுக்கு நடுவில் கடைசி நிமிஷத்தில் மனசு மாறிய யாரோ விட்டுப்போனதுபோலச் சாய்ந்தபடி காகிதச் சோள மாவு. நேராக வைக்கப் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். வாழ்நாளில் அவள் வேண்டுமென்றே கோணலாக வைத்த முதல் சாமான் அது.

மத்தியானம் போய்ப் பார்த்தால் வண்டியில் டின் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது. பாக்கெட்டைக் காணோம்.

"தூக்கிட்டாங்களா!" பில் பெண் சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த வீட்லயோ இன்னிக்கு பேப்பர் சூப்புக்கா!"

அடுக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. வண்டியைத் திரும்ப உள்ளே தள்ள மனமில்லாமல் அங்கேயே விட்டாள்.

புதன்கிழமை கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து வாசல்பக்கம் போனாள். அவள் காகிதப் பாக்கெட் திரும்பி வந்திருந்தது. வாயைப் பிரித்து, மறுபடி ஒழுங்காக மடித்திருந்தார்கள். அதோடு பழைய பில் ஒன்றைச் சேர்த்துப் பின் அடித்திருந்தது. பில்லின் பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி: 'பேப்பரை வேக வைத்துப் பார்த்தேன். கெட்டியாகவில்லை. அந்த அம்மாவுக்கு இதைக் கொடுங்கள்.' அதற்கடியில் பிரிக்காத நிஜப் பாக்கெட் இரண்டு.

யார் என்று தெரியவில்லை. அன்று முழுக்க வந்துபோன கைகளை எல்லாம் பார்த்தாள். பென்சில் பிடிக்கிற கை எது, முகத்துக்குப் பூசுகிற கை எது என்று எதுவும் பிடிபடவில்லை. ஹெல்மெட்காரர் மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் கை கழுவினார். அவர் போன பிறகு போய்ப் பார்த்தால் மீன் டின்னுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. வியாழக்கிழமை இரண்டு வந்தன. ஒன்று வாய் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டது. அதைத் தனியே எடுத்து வைத்தாள். பிரிக்காதவை நாலு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பாக்கெட் சார் வந்தார். அவள் நாலையும் ஒரு பையில் போட்டுத் தயாராக நின்றாள்.

"இவ்வளவா! யாரும்மா கொடுத்தது?"

"எடுத்துக்கிட்டுப் போனவங்கதான் சார். ஆனா, அவங்க எடுத்ததுக்கு நான்தான் காரணம்." சொல்லிவிட்டாள். காலி இடம், மூன்று கை அகலம், கட்டிலடி, எல்லாம். ஒரே மூச்சில் சொன்னதால் முகக்கவசம் உள்ளே ஒட்டிக்கொண்டது.

அவர் கேட்டுவிட்டு ஐந்தாவது வரிசையைப் பார்த்தார். "முப்பது வருஷம் தபால் கொடுத்திருக்கேன்" என்றார் பிறகு. "கை பழக்கத்துல எத்தனை கடுதாசியைப் பக்கத்து வீட்ல போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. யாரும் ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டாந்து கொடுத்ததில்லை." பைக்குள் கைவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளிடமே நீட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க சார்! உங்களுக்குத்தானே?"

"வீட்ல நாலு இருந்தா எனக்குக் கை நிற்காதும்மா. திறந்து திறந்து எண்ணிக்கிட்டே இருப்பேன். போன வாரம் அரைப் பாக்கெட்டை வச்சுக்கிட்டே அந்தப் பாடு பட்டேன், அவ பார்த்துப் பார்த்துச் சிரிச்சா. நான் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். நீ வச்சிரு. உனக்குத்தான் எதை எங்கே வைக்கணும்னு இப்போ தெரியுமே."

அவர் போய்விட்டார். கையில் மூன்று பாக்கெட். கிடங்கில் வைத்தால் மேனேஜர் எடுத்து விற்றுவிடுவார். வரிசையில் வைத்தால் சொல்லவே வேண்டாம். அடுக்கக்கா தன் ராஜ்ஜியம் முழுக்க ஒரு சுற்று வந்தாள். கடைசியில் ஏழாவது வரிசையின் கோடியில், கீழ்த்தட்டில், பிறந்தநாள் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு முன்னால் குந்தினாள். யாரும் யார் வீட்டுக்கும் போகாத நாட்கள். பத்து நாளாக ஒரு கைகூட அந்தப் பக்கம் நீண்டதில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் மூன்றையும் படுக்க வைத்து, மெழுகுவர்த்திகளை முன்னுக்கு இழுத்து, தட்டி நேராக்கினாள்.

ஐந்தாவது வரிசையில் மூன்று கை அகலமும் காலியாகவே கிடந்தது. "என்னக்கா, பக்கத்துல இருக்கிற உப்பை அதுல பரப்பலாமே" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார். ஊர்ல உப்பு மிஞ்சட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் ஏழாவது வரிசைக் கோடிக்குப் பதினோரு தடவை போய்வந்தாள். போகும்போதெல்லாம் குனிந்து, மெழுகுவர்த்திப் பெட்டியை ஒரு விரலால் விலக்கி, எண்ணிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. பன்னிரண்டாவது தடவை குனிந்தபோது பில் பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா பிறந்தநாளு?" என்றாள்.